ரத்தப் பரிசோதனைக்கு முன் படிப்பை நிறுத்தாதீர்கள்

தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

பள்ளியில் 800 மீட்டர் ஓட்டத்தில் மாநிலப் போட்டி வரை சென்றவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அதிலும் வணிகவியல் பிரிவு. கல்லூரியில் உடற்பயிற்சி உடலியங்கியல் பாடம் அவரைத் திணறடிக்கிறது. விளையாட்டு என்று நினைத்துச் சேர்ந்தால், மருத்துவக் கல்லூரிப் பாடம்போல் இருக்கிறது என்கிறார். புத்தகம் ஆங்கிலத்தில். படங்களையும் வரையறைகளையும் மனப்பாடம் செய்தும் முதல் முறை தேர்ச்சி இல்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தத் தாளில் அரியர். ‘மறுநாள் கால் வலிப்பது லாக்டிக் அமிலம் தேங்குவதால்’ என்று வாய்மொழித் தேர்வில் சொன்னாராம். தவறு என்றார்களே தவிர, ஏன் என்று யாரும் விளக்கவில்லை.

அவரை உடைத்துப்போட்டது செய்முறை வகுப்பு. மாணவர்கள் ஒவ்வொருவராக டிரெட்மில்லில் ஏறி, இனி முடியாது என்னும் வரை ஓட வேண்டிய சோதனை. ஒன்பதாவது நிமிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ‘ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்துவிட்டு இதுகூட முடியவில்லையா?’ என்று ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். மூன்று வாரத்தில் அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

விடுதி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மாதவிடாய் எட்டு நாள் நீள்கிறது. காலை ஐந்தரை மணிக்கு மைதானப் பயிற்சி, ஒன்பது மணிக்கு வகுப்பு. இடையில் இரண்டு டம்ளர் டீ மட்டும். சென்ற பருவத்தில் ரத்ததான முகாமில் ஹீமோகுளோபின் 9.4 என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்று முதல் பீட்ரூட் சாறு குடிக்கிறார். ‘பச்சரிசியை மென்றுகொண்டே இருந்தால்தான் படிக்க முடிகிறது’ என்றும் போகிற போக்கில் ஒரு வரி. கேள்விகள் நான்கு: என் உடம்பு இந்தப் படிப்புக்குத் தகுதியில்லையா? மறுமதிப்பீடு கேட்டால் ஆசிரியர் பகைத்துக்கொள்வாரா? ஓடத் தெம்பு தரும் என்று தோழிகள் சொல்லும் பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு டிரெட்மில் ஏறலாமா? படிப்பை விட்டுவிட்டு பி.ஏ. தமிழில் சேர்ந்துவிடவா?

அன்புள்ள மாணவிக்கு,

நான் விளையாட்டு மருத்துவம் பார்ப்பவள். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது தேர்வு அல்ல, அந்தப் பச்சரிசி. பச்சரிசி, மண், சாம்பல், சாக்பீஸ், பனிக்கட்டி ஆகியவற்றின்மேல் அடக்க முடியாத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைபாட்டில் அடிக்கடி பார்ப்பது. பல பெண்கள் இதை வெட்கத்தால் மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. மாடிப்படி மூச்சிரைப்பு, எட்டு நாள் உதிரப்போக்கு, 9.4 என்ற எண் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால், நீங்கள் மாதக்கணக்காக ரத்தசோகையோடு ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 முதல் 10.9 வரை மிதமான ரத்தசோகை. ‘மிதமான’ என்ற சொல்லைக் கேட்டு அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்; சாதாரண வேலைக்கு மிதம், டிரெட்மில் உச்சச் சோதனைக்கு அது மிதமே அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தேர்வுக்கும் உதவும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 9.4 கிராம் என்றால் ஒரு லிட்டரில் 94 கிராம்; அது சுமப்பது 126 மி.லி. அளவு. பக்கத்து டிரெட்மில்லில் ஓடும் தோழிக்கு 13 கிராம் இருந்தால் அவருடைய ஒரு லிட்டர் ரத்தம் 174 மி.லி. சுமக்கிறது. கால் பங்குக்கும் மேலான ஆக்சிஜன் குறைவோடு அவரோடு சரிக்குச் சரியாக ஓட வேண்டுமென்று உங்களைக் கேட்டிருக்கிறார்கள். இதயம் அந்தக் குறையை வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது அதனால்தான். ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தது உங்கள் பழைய பயிற்சியின் பலம். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: உங்கள் உடம்பு தகுதியற்றதல்ல. அதற்கு வைத்தியம் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தியதும் தலை சுற்றினால், கால் தசைகளின் அழுத்தம் நின்று, ரத்தம் கால்களிலேயே தேங்கியதால் இருக்கலாம்; பெரும்பாலும் ஆபத்தில்லை, அதனால்தான் மெதுவாக நடந்து முடிக்கச் சொல்கிறோம். உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியிருக்கிறது. ரத்தசோகையே காரணமாக இருக்கக்கூடும் என்றாலும், இதயத்தைப் பார்க்காமல் அப்படி முடிவு கட்டக் கூடாது. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். சிறுவயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து மூட்டுகள் வீங்கியதுண்டா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா என்பதை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள். மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பொது மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு ஆகிய பரிசோதனைகள் தேவை. எட்டு நாள் உதிரப்போக்குக்கு மகளிர் நல மருத்துவரையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருக்கும் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எந்த வகை ரத்தசோகை என்று தெரியாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். பரம்பரை ரத்தக் குறைபாடுகளும் இதே எண்ணைக் காட்டும்.

பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்து அது ரத்தம் ஊறவைக்கும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். அதில் இரும்புச்சத்து சொற்பம். சாறு குடிப்பதில் தீங்கில்லை, ஆனால் அதை மருந்தென்று நம்பி ஒரு பருவத்தையே கடத்திவிட்டீர்கள். பயிற்சி முடிந்ததும் குடிக்கும் அந்த இரண்டு டம்ளர் டீதான் உண்மையில் இடைஞ்சல். உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதை அது தடுக்கும். மருத்துவர் மாத்திரை கொடுத்தால், எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரமாவது டீ, காபி பக்கம் போகாதீர்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். மைதானத்துக்கும் வகுப்புக்கும் நடுவே ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். விடுதி இட்லி கிடைக்கும் நேரத்துக்குள் வர முடியாவிட்டால் வேகவைத்த முட்டை, சுண்டல், கடலை மிட்டாய் என்று பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை நன்றாக வேலை செய்தாலும் ஹீமோகுளோபின் ஒரு கிராம் ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எண் சரியான பிறகும் உடலின் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் போல மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். இந்தக் கணக்குப்படி மூன்று வாரத்தில் நீங்கள் உச்சச் சோதனைக்குத் தயாராக முடியாது. அந்த டிரெட்மில்லில் இப்போது ஏறாதீர்கள்.

பவுடர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது அதிக அளவு காஃபீன். ஏற்கெனவே ஓடி ஓடித் துடிக்கும் இதயத்தை மேலும் விரட்டும். குறைந்த ஆக்சிஜனை ஒரு மி.லி.கூடக் கூட்டாது. லேபிளில் சொல்லாத தடைசெய்யப்பட்ட பொருள்கள் இத்தகைய பவுடர்களில் கலந்திருப்பதும் உண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் வீராங்கனையைக் காப்பாற்றாது.

பாடம் ஏன் பிடிபடவில்லை

ஆங்கிலம்தான் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. ஆங்கிலவழியில் படித்தவர்களும் உங்கள் வகுப்பில் அரியர் வைத்திருக்கிறார்களே. உங்களுக்குப் பெரிய இடைவெளி பள்ளியில் உயிரியல் படிக்காதது. இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது: தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூல். சுவாசம், ரத்த ஓட்டம், தசை இயக்கம், நரம்பு பற்றிய பாடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி உங்கள் சொந்தத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு அதே பகுதியைக் கல்லூரிப் புத்தகத்தில் திறந்தால் ஆங்கிலச் சொற்கள் புதியவையாக இருக்கும், பொருள் புதியதாக இருக்காது. தமிழில் தேர்வெழுத அனுமதி உண்டா என்றும் தேர்வு அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அடுத்து, படிக்கும் வரிசை. இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவர்கள் திணறுவதற்குக் காரணம், இதயமும் நுரையீரலும் தசையும் ரத்தமும் தனித்தனி அத்தியாயங்களில் இருப்பதுதான். ஓடுகிற உடம்பில் எல்லாம் ஒரே நொடியில் நடக்கின்றன. எல்லாவற்றையும் கோத்துத் தருவது 1870ல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் சொன்ன ஒரே சமன்பாடு: உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்சிஜன் என்பது, இதயம் அந்த நிமிடத்தில் வெளித்தள்ளும் ரத்தத்தை, தமனிக்கும் சிரைக்கும் இடையிலான ஆக்சிஜன் வேறுபாட்டால் பெருக்கினால் கிடைப்பது. ஓய்வில் 5 லிட்டர் ரத்தம், லிட்டருக்கு 50 மி.லி. வேறுபாடு, ஆக, 250 மி.லி. முழு வேகத்தில் 20 லிட்டர், லிட்டருக்கு 150 மி.லி.; ஆக, 3 லிட்டர். ஒரு பெரிய தாளின் நடுவே இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதயத் துடிப்பு பற்றிப் படித்தால் அது முதல் பகுதியில் சேரும். ஹீமோகுளோபின், நுண்குழாய்கள், தசைச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஆகியவை இரண்டாம் பகுதியில். பயிற்சியால் எது மாறும், ரத்தசோகையால் எது குறையும், மலையேறினால் எது குறையும் என்ற பத்து மதிப்பெண் வினாக்கள் எல்லாம் இந்தத் தாளுக்குள் அடங்கும்.

லாக்டிக் அமிலக் கேள்விக்கு வருவோம். நீங்கள் சொன்ன பதிலை இன்றும் பல பயிற்சியாளர்கள் மைதானத்தில் சொல்கிறார்கள். பழைய புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. 800 மீட்டர் முடித்ததும் ரத்தத்தில் லாக்டேட் ஏறுவது உண்மை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்கும்போது அது அங்கே இருப்பதே இல்லை. பழக்கமில்லாத பயிற்சியால், குறிப்பாக இறக்கத்தில் ஓடுவதால், தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியும்தான் மறுநாள் வலி. லாக்டேட் வீணான கழிவும் அல்ல. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, கல்லீரல் அதைக் குளுக்கோஸாக மாற்றுகிறது. அடுத்த முறை கேட்டால் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள். 800 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கும் மேல் ஆக்சிஜனைக் கொண்டு கிடைப்பதுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஓடிப் பார்த்தவர் பேசுகிறார் என்பது தேர்வாளருக்குப் புரியும். உங்கள் வகுப்பில் பலரிடம் இல்லாத பலம் அது.

டிரெட்மில், ஆசிரியர், உங்கள் உரிமைகள்

உங்கள் உடம்பு எத்தனை மி.லி. ஆக்சிஜன் நுகர்வு காட்டியது என்பதற்குச் செய்முறையில் மதிப்பெண் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி மதிப்பெண் போட்டால் அது தவறு. சோதனையை முறையாக நடத்துவது, துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பதிவது, கணக்கிடுவது, முடிவை விளக்குவது ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண். இன்னொரு மாணவர் ஓட, நீங்கள் பதிவுசெய்து ரெக்கார்டு நோட்டில் எழுதினால் போதுமா என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

உச்சச் சோதனைக்கு முன் உடல்நிலை பற்றிய கேள்வித்தாளை நிரப்பச் சொல்வது, ஒப்புதல் பெறுவது, ஓடுபவர் ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்துவது ஆகியவை இந்தத் துறையின் கையேடுகள் எல்லாவற்றிலும் உள்ள அடிப்படை விதிகள். 1920களில் ஏ.வி.ஹில் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் புல்தரையில் ஓடி, தன் மூச்சுக்காற்றைப் பையில் பிடித்து, உச்ச ஆக்சிஜன் நுகர்வை அளந்தார். அவர் தன் உடம்பைத் தன் விருப்பத்தோடு சோதனைக்குக் கொடுத்தவர். மாணவர்களும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் காட்டி வாங்கக் கூடாது. எல்லார் முன்னிலையிலும் அவர் கேட்ட கேள்வி தவறானது, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் உங்களுக்கு ரத்தசோகை என்று அவருக்குத் தெரியாது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாய்ப்பை அவருக்கே கொடுங்கள். வகுப்பு முடிந்த அவசரத்தில் பேசாமல், மருத்துவரின் கடிதத்தோடு இப்படி எழுதிக் கொடுங்கள்:

‘மதிப்பிற்குரிய ஐயா, சென்ற செய்முறையில் ஓடும்போதே எனக்குக் கண் இருட்டியது. பரிசோதனையில் ரத்தசோகை என்று தெரியவந்து சிகிச்சையில் இருக்கிறேன். மருத்துவர் அனுமதிக்கும்வரை உச்சச் சோதனையிலிருந்து விலக்கு அளித்து, பதிவாளராக இருந்து செய்முறையை முடிக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன்.’

ஒரு நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் துறைத் தலைவர். அங்கும் முடியாவிட்டால் மாணவர் குறைதீர் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதன் முடிவு ஏற்புடையதாக இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மருத்துவர் கூடாது என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஓடச் சொன்னால், படிகளை ஒவ்வொன்றாகக் கடக்கக் காத்திருக்காமல் நேரே முதல்வரைப் பாருங்கள்.

மறுமதிப்பீடு பற்றிய பயம் வேண்டாம். பருவத் தேர்வு விடைத்தாள்கள் பெரும்பாலும் பெயர் மறைத்து, போலி எண்ணிட்டுத்தான் திருத்தப்படுகின்றன. விண்ணப்பம் போவது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு. ஆனால் மறுமதிப்பீட்டுக்கு முன் விடைத்தாள் நகலை வாங்குங்கள். திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2011ல் தீர்ப்பளித்திருக்கிறது. தேர்வு முடிவோடு வரும் அறிவிப்பில் நகலுக்கான கடைசித் தேதி இருக்கும். அந்த வழி விரைவானது. நகலைப் பார்க்கும்போது மதிப்பெண் கூட்டலை மட்டும் சரிபார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்த வினாவில் வரையறை எழுதி நிறுத்தினீர்கள், எங்கே ‘ஏன்’ என்பதற்குப் பதில் இல்லை என்று பென்சிலால் குறியுங்கள். மதிப்பெண் கூடாமல் போனாலும் அடுத்த தேர்வுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

படிப்பை விடுவதா?

பி.ஏ. தமிழ் உங்களுக்குப் பிடித்திருந்தால் அது நல்ல படிப்பு. ஆனால் கடிதத்தில் தமிழ் இலக்கியத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கிருந்து தப்பிக்க வேண்டும் என்ற தவிப்புதான் இருக்கிறது. ரத்தசோகை உள்ளவருக்குக் கவனம் சிதறும், சோர்வு வரும், எதுவும் நம்மால் ஆகாது என்று தோன்றும். அந்த நிலையில் எடுக்கும் முடிவை இரண்டு தாள்கள் கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள்: ஒன்று ரத்தப் பரிசோதனை அறிக்கை, மற்றொன்று விடைத்தாள் நகல்.

அதற்குப் பிறகும் விலக விரும்பினால், மூன்றை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு விலகுங்கள்: விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்தை விட்டால் கட்டணச் சலுகையும் விடுதியும் என்னவாகும், உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டுமா, இடைநிறுத்தம் பெற்று அடுத்த ஆண்டு இதே படிப்பைத் தொடர முடியுமா. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்டால் அது மானியக் குழுவின் விதிக்கு எதிரானது, அதையும் குறைதீர் குழுவில் சொல்லலாம். இடைநிறுத்தம் என்ற நடுவழியைப் பற்றி நீங்கள் யோசிக்கவே இல்லை. சிகிச்சைக்காக ஒரு பருவம் ஒதுங்கியிருப்பது தோல்வி ஆகாது. என்றாலும் என் கணிப்பில் அது தேவைப்படாது. இந்தப் பருவம் பயிற்சியை மட்டும் மருத்துவர் சொல்லும் அளவுக்குக் குறைத்து, வகுப்பைத் தொடருங்கள். பயிற்சியாளரிடமும் மருத்துவர் கடிதத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அரியரைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருந்தால், ரத்தம் குறைந்திருப்பதை மட்டுமாவது இன்றே அம்மாவிடம் சொல்லுங்கள். இரவில் தூக்கம் போய் மனம் கனத்துக் கிடந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

பரிசோதனை முடிவு வந்ததும் ஹீமோகுளோபின், பெரிட்டின் எண்களையும், ஈ.சி.ஜி., எக்கோ பார்த்த மருத்துவர் சொன்னதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எப்போது, எந்த வேகத்தில் மறுபடி ஓடத் தொடங்கலாம் என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.